அஞ்சாம் நம்பர் பிரின்டர்

பிரின்டர் பழுது பார்க்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் போய் நிற்கும்போது மெஷின் ஒழுங்காக ஓடும், படியிறங்கியதும் படுத்துவிடும், ஆகவே வேலை ஒருநாளும் தீராது. ஆபீஸில் ஒரு பக்கம் பிரின்ட் கொடுத்துவிட்டு, இதோ வரும் அதோ வரும் என்று கைகட்டி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீஸ் என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நானாக வைத்த ஐஸ்

ஆபீஸ் முதலாளி ஜயந்த் பாய். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் குஜராத்திக் குடும்பம். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழும் கொஞ்சம் வரும். நல்ல மனுஷன். ஒரே ஒரு கிறுக்கு, அஞ்சாம் நம்பர். கார் நம்பர் அஞ்சு, போன் நம்பர் அஞ்சில் முடியும், பெண்ணின் கல்யாணத்தைக்கூட அஞ்சாம் தேதிதான் வைத்தார்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாமானுக்கும் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் கொடுக்கவேண்டும். புது பிரின்டரை மாட்டிய அன்று, அவருக்கு ஐஸ் வைத்தால் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையும் நமக்கே வரும் என்று கணக்குப் போட்டு, "பாய், இதுக்கு அஞ்சாம் நம்பர் போட்டிருக்கேன்" என்றேன். அவர் கேட்கவேயில்லை, நானாகத்தான் வாயைத் திறந்தேன். பாய் எழுந்துவந்து பிரின்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "செல்வம், இத்தனை வருஷத்துல விவரம் தெரிஞ்ச மெக்கானிக் நீ ஒருத்தன்தான்."

சாயா குடிக்கப் போகும் மெஷின்

எட்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. பிறகு ஷைலஜா சேச்சியிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. கப்பலேறும் சரக்குக்கான காகிதங்களையெல்லாம் அடித்துக்கொடுப்பவர் சேச்சி, பதினோரு வருஷ சர்வீஸ். பூர்வீகம் தமிழ்தான். மலையாளத்தில் யோசித்துத் தமிழில் திட்டுவார்.

பிரின்ட் கொடுத்தால் சில சமயம் உடனே வருகிறது, சில சமயம் இருபது நிமிஷம் ஆகிறது என்றார். வரவில்லையே என்று மறுபடி மறுபடி கொடுத்ததில் ஒரே காகிதம் ஏழு தரம் வந்து விழுந்திருக்கிறது. போனேன். என் லேப்டாப்பிலிருந்து பத்துப் பக்கம் அனுப்பினேன், பத்தும் சடசடவென்று வந்தன. இருந்தாலும் வந்ததற்கு அடையாளமாக ஒரு கேபிளை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். படகுத்துறைக்கு வந்து சேர்வதற்குள் போன். "நீ இறங்கினதும் அது சாயா குடிக்கப் போயாச்சு, கேட்டோ. பேசாம இங்கேயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டுத் தங்கிடு."

ஒன்று, ஒன்று, ஆயிரத்து நானூறு

எங்கள் தொழிலில் பிங் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து பிரின்டரைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது, "இருக்கேன்" என்று பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்றால் மெஷின் திடமாக இருக்கிறது என்று அர்த்தம். மற்ற மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வந்தது. சேச்சியின் கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்று, ஒன்று, திடீரென்று ஆயிரத்து நானூறு. பத்தடி தூரத்தில் இருக்கும் பிரின்டர் துபாயிலிருந்து பதில் சொல்வதுபோல் சொன்னது.

மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். இதற்கு நடுவில் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சேச்சியின் காகிதம் மட்டுமே தாமதமாவதால், அவர் மதியம் வீட்டுக்குப் போய்வந்து சாவகாசமாக அடித்துவிட்டுப் பழியை மெஷின்மேல் போடுகிறார் என்று பாய்க்குத் தோன்றிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து சேச்சியைத் திருப்பூணித்துறை கிளைக்குப் பாக்கெட்டில் லேபிள் ஒட்ட அனுப்பப்போகிறாராம். சேச்சியின் மாமியார் படுத்த படுக்கை. ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பதால்தான் மதியம் போய் ஒருவாய் கஞ்சி கொடுக்க முடிகிறது. திருப்பூணித்துறை என்றால் அது நடக்காது. சேச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சேச்சி என்னவோ சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நான் போனா கிழவி ரெண்டு நாள்ல எழுந்து உட்கார்ந்துடும், என்னைத் திட்டறதுக்குத் தேடி வரணுமே."

கரன்ட் இல்லாத பதில்

மறுநாள் மதியம், சேச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம், ஆத்திரம் தாங்காமல் பிரின்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். விளக்கெல்லாம் அணைந்தது. மெஷின் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. சும்மா ஒரு இதுக்கு, சேச்சியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து "இருக்கியா?" என்று தட்டினேன்.

"இருக்கேன்" என்றது.

ஆயிரத்து நானூறு. மறுபடி தட்டினேன், ஆயிரத்து நானூற்றிருபது. பிளக் என் கையில் இருக்கிறது! என் முகம் போன போக்கைப் பார்த்து பாய் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். பெருமை தாங்காமல் சொன்னார்: "அஞ்சுக்குக் கரன்ட் வேண்டாம் செல்வம்."

ஒரே நாளில் பதினாலு தடவை ஆபீஸுக்கு வந்தவர்

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று வர ஆரம்பித்தது. அப்போதுதான் சேச்சி கஞ்சி வேலையை முடித்துவிட்டு வாசலில் நுழைந்தார். மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பஞ்சிங் மெஷின் உண்டு, வரும்போதும் போகும்போதும் எல்லோரும் விரல் வைக்கவேண்டும். சேச்சி விரல் வைத்தார், "பீப்" என்றது. என் முன்னாலிருந்த திரையில் ஆயிரத்து நானூறு.

"சேச்சி, இன்னொரு தடவை வையுங்க." ஆயிரத்து நானூறு. ஒன்றுக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து, "இன்னொரு தடவை." பதினாலு தடவை வைக்கவைத்தேன். வருகைப் பதிவு வந்து சேர்வது சேச்சியின் கம்ப்யூட்டரில்தான், அது விஷயம் புரியாமல் பதினாலையும் குறித்துக்கொண்டது. எனக்கோ குதிக்கவேண்டும் போலிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பஞ்சிங் மெஷினை மாட்டிய ஷாஜி என்ற பையனுக்குப் போன் போட்டு, அதற்கு என்ன நம்பர் கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் குரலில் அப்படி ஒரு குஷி: "அஞ்சு கொடுத்தேன், பாய்க்கு என்ன சந்தோஷம் தெரியுமா, விவரம் தெரிஞ்ச மெக்கானிக் நீ ஒருத்தன்தான்னு சொன்னாரு!"

பாய் போட்ட கூட்டல்

விஷயம் இதுதான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. ஆள் விரல் வைத்ததும் பஞ்சிங் மெஷின் சேச்சியின் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டரும் "ஓ, அஞ்சு என்றால் இவர்தான்" என்று நம்பி, அடுத்துக் கொடுக்கும் பிரின்டைக் கொண்டுபோய்ப் பஞ்சிங் மெஷினின் வாசலில் கொட்டும். தப்பு தெரிந்து பிரின்டரிடம் திரும்ப நேரம் ஆகும். மதியம் வீட்டுக்குப் போய்வருவது சேச்சி ஒருவர்தான். விரல் வைத்துவிட்டு நேரே வந்து பிரின்ட் கொடுப்பார். மாட்டாமல் என்ன செய்வார்?

நம்பரைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் சேச்சியின் மேல் விழுந்த பழி அப்படியே நிற்குமே. பாயின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, தப்பு சேச்சியுடையதல்ல, உங்களைச் சந்தோஷப்படுத்த நானும் ஷாஜியும் செய்த கூத்து என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும். பாய் எழுந்து போய்ப் பிரின்டரின் மேல் கைவைத்துக்கொண்டார். பிறகு, "அஞ்சை யார்கிட்டேருந்து பிடுங்கப்போறே?" என்று கேட்டார். அவருடைய கவலை அது.

"பிடுங்கவேண்டாம் பாய். பிரின்டர் அஞ்சிலேயே இருக்கட்டும். பஞ்சிங் மெஷினுக்கு இருபத்திமூணு போடறேன்." பாய் விரல்விட்டு எண்ணினார். ரெண்டும் மூணும் அஞ்சு. முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கேள்வி உடனே வந்தது: சேச்சியின் கம்ப்யூட்டருக்கு என்ன நம்பர்? பதிமூணு என்றேன். பாய் மேஜையில் ஓங்கி அடித்தார். "பார்த்தியா! ஒண்ணும் மூணும் நாலு. அதான் ஷைலஜாவுக்கு இத்தனை கஷ்டம். பதினாலா மாத்து. அவ எங்கேயும் போகவேண்டாம்."

சாயாவும் பரிப்புவடையும் வந்தன. சேச்சி தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வடையைப் பிட்டுக்கொண்டே பாயைப் பார்த்துக் கேட்டார்: "நம்பரை மாத்தியாச்சு, சந்தோஷம். ரெண்டு மாசமா என்னைக் கள்ளி மாதிரி பார்த்தீங்களே, அதை எத்தனாம் நம்பர்ல போட்டுக்கறது?"

இப்போது அந்த ஆபீஸில் அஞ்சும் பதினாலும் இருபத்திமூணும் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடாமல் ஓடுகின்றன, சேச்சியின் மாமியாருக்கு மதியக் கஞ்சி தவறாமல் போகிறது, எல்லாம் எதனால் சரியாயிற்று என்று பாய் கேட்கும்போதெல்லாம் "அஞ்சாலதான் பாய்" என்று நானும் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.