ஒற்றை நட்சத்திர விமர்சனம்

பதினோரு வயதில் நான் பிரெஞ்சில் எழுதிய ஒரு விமர்சனம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. தட்டச்சு செய்தது நான். சொல்லச் சொல்ல எழுதவைத்தவர் பெரியப்பா. ஒரு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தோம்.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படையில் பதினைந்து வருடம் இருந்தவர். பென்சனோடு காரைக்கால் திரும்பி, தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். அவரிடம் பட்டாள நாட்களில் வாங்கிய ஒரு பிரெஞ்சு இசைத்தட்டு உண்டு. இரண்டாம் சரணத்துக்கு முன் பாடகி மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் அதில் கேட்கும். முன்பு கேட்டது, இப்போது கேட்கவில்லை. ஸ்பீக்கர் செட்டுக்கு வயதாகிவிட்டது என்று அவர் முடிவு செய்தார்.

அவருக்குக் கணினி வராது. பள்ளியில் பிரெஞ்சு படித்த நான் மாலைகளில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கர் விமர்சனங்களை வாசிப்பேன். உரக்க வாசிக்கச் சொல்வார். இந்த ஸ்பீக்கரில் பாடகி உங்கள் மடியில் உட்கார்ந்து பாடுகிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தமிழிலும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, "உக்காரட்டும், உக்காரட்டும். எனக்கு ஒரு வேல மிச்சம்" என்றார்.

பெரியப்பா திரும்பவில்லை. பெரியம்மாவின் குரல் மெல்லியது, சற்றுக் கீச்சென்றது. அந்தக் குரலுக்கு அவர் பதில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. பென்சன் திமிர் என்றாள் என் அம்மா.

மடியில் பாடும் ஸ்பீக்கர்களை ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்த அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், பிரான்சிலிருந்து கொண்டுவந்தார். மூச்சு கேட்கவில்லை. "எழுதுறவன் காசு வாங்கிட்டு எழுதுறான்" என்று பெரியப்பா அவற்றைப் பெட்டியில் போட்டார். மறுபடி விமர்சனங்கள் படித்தோம். இம்முறை எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்த ஒன்றைத் தேர்ந்தார். அது டிசம்பரில் ஓர் உறவினர் கையோடு வந்தது.

அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இசைத்தட்டு சுழன்றது. முதல் சரணம் முடிந்தது. யாரோ என் பிடரிக்குப் பின்னால் நிற்பதுபோல அந்த மூச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பெரியப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா பாப்பா?"

எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் மறுப்பதில்லை. அவர் முகத்தில் பதில் முன்பே எழுதியிருந்தது.

"இல்ல பெரியப்பா. எனக்கும் கேக்கல."

அவர் என் முதுகைத் தட்டினார். "பாத்தியா, சின்னப் புள்ளைக்கே கேக்கல."

"சோறு ஆறுது, வாங்க" என்று பெரியம்மா இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவதாகத் தட்டை மேசையில் ஓங்கி வைத்தார். அதற்குத்தான் பெரியப்பா திரும்பினார். "எதுக்கு இம்புட்டு கோவம்?" என்றார்.

அன்று மாலையே விமர்சனம் எழுதினோம். 'பீரங்கிப் படையில் பணியாற்றியவன் நான். என் காதை ஏமாற்ற முடியாது. என் தம்பி மகளும் உடனிருந்து கேட்டாள்.' பிரான்சில் யாரோ ஒருவர் அதன் கீழே நன்றி தெரிவித்திருந்தார். வாங்க இருந்தாராம், தப்பித்தாராம். வாசித்துக் காட்டியபோது பெரியப்பா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் அண்ணன் மூன்றாவது ஜோடியோடு வந்தார். திரும்பும்போது பெரியம்மாவும் கூடப் போனார். "செவத்துகிட்ட பேசிக்கிட்டு எத்தன நாளுதான் இருக்கிறது?" என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று மாதம் என்று போனவர் பிறகு வரவில்லை.

பென்சனுக்காக வருடந்தோறும் உயிரோடிருப்பதாகச் சான்று வாங்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, அந்த வரிசையில் தன் பெயரை நான்கு முறை கூப்பிட்டும் பெரியப்பா எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டவர் ஒரு பெண். அதன் பிறகே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பீரங்கிச் சத்தம் மெல்லிய ஒலிகளை எப்போதோ தின்றுவிட்டது என்றார் டாக்டர். மூன்று ஜோடி ஸ்பீக்கரிலும் பழுதில்லை. பெரியம்மா பிரான்சிலேயே இறந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

பெரியம்மா பிரான்சுக்குப் போன புதிதில் ஞாயிறுதோறும் போன் பண்ணுவார். பெரியப்பா கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டுவார். "லைனு சரியில்ல பாப்பா, நீயே பேசு."

ஒரு ஞாயிறு நான் அதை அப்படியே சொன்னேன். "பெரியம்மா, லைன் சரியில்லையாம்."

"எனக்கு நல்லாத்தான கேக்குது" என்றார் பெரியம்மா. "உனக்கு?"

பெரியப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சரியாக் கேக்கல" என்றேன்.

மறுமுனையில் பெரியம்மா மூச்சை உள்ளிழுத்தது துல்லியமாகக் கேட்டது. அடுத்து ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். போனை வைத்துவிட்டார்.