இடது கால் கேட்ட சோதனை

கியர் போட்டும் வண்டி உடனே கிளம்பவில்லை. ஒரு மூச்சு விட்டுத்தான் நகர்ந்தது. ஏற்றத்தில் இன்னும் மோசம். இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. தேவிகுளம் ஏற்றத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன பெண்களை இறக்கி நடக்கவிட்டேன்.

பழைய பெரிய வண்டி. கியர் தானாக மாறும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் எல்லாரும் ஜீப்தான் ஓட்டுவார்கள். நானும் ஓட்டினேன். சர்க்கரையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்கு இதை விட்டால் வேறு வண்டி கிடையாது. இது நின்றால் நானும் வீட்டில்தான்.

அடிமாலிக்குக் கொண்டுபோனேன். மனைவியும் வந்தாள். கொழுந்து எடுக்கிறவள், அன்று வேலைக்குப் போகவில்லை. என்னை ஒர்க்‌ஷாப்பில் விட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

மெக்கானிக் போடிக்காரர், என்னைவிடச் சின்னவர். ஆயில் அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டியது டிகாஷன் மாதிரி இருந்தது. மோந்துவிட்டு என்னிடம் நீட்டினார். கருகல் வாடை.

"பாரம் ஏத்துவீகளா?"

"ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்துவேன்."

"ஆளையா, லயத்தையேவா?"

சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

"அண்ணே, ஏறி உக்காந்து எடது கால பிரேக்ல நல்லா அமுக்குங்க. கியர டி-யில போட்டு வலது கால்ல ஆக்சிலேட்டர குடுங்க. வண்டி நகரக் கூடாது. இன்ஜின் எம்புட்டு ஏறுதுன்னு பாத்தாத்தான் உள்ள பிடிமானம் தெரியும்."

"நீ பண்ணு தம்பி."

"ஏன், பயமா? நான் குறுக்க நிக்க மாட்டேண்ணே."

"அந்தக் கால் இல்ல."

என் ஷூவைப் பார்த்தார். அதற்குள் இருப்பது பிளாஸ்டிக். அவரே ஏறினார்.

இன்ஜின் அலறியது. இன்ஜின் வேகம் காட்டும் முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. வண்டி முக்கக்கூட இல்லை. சட்டென்று காலை எடுத்தார்.

"கியர் பெட்டிக்குள்ள பட்டையெல்லாம் தேஞ்சு போச்சு. இதுக்குச் சாமான் கெடைக்காதுண்ணே. எல்லாரும் இதக் கழட்டிப் போட்டுட்டு கிளட்ச் வச்ச..."

நிறுத்திக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"புது ஆயில் ஊத்துனா?"

"வேண்டாம். இந்த அழுக்குலதான் கொஞ்சமாச்சும் புடிச்சுக்கிட்டு இருக்கு. மாத்துனா மொத்தமா வழுக்கும்."

"எம்புட்டு நாள் ஓடும்?"

"பாரம் ஏத்தாதீங்க. சூடானா நிறுத்தி ஆற விடுங்க."

நான் கேட்டது அது இல்லை.

திரும்பும்போது பள்ளிவாசல் ஏற்றத்தில் கியர் வழுக்கியது. ஓரம் கட்டினேன். மனைவி இறங்கிச் சக்கரத்துக்குக் கல் தேடி வைத்தாள். முன்பு என்னோடு ஜீப் ஓட்டிய ஒருவன் எங்களைப் பார்த்துத் தன் ஜீப்பை மெதுவாக்கினான்.

"என்ன மச்சான், அக்காவ கல்லு சுமக்க விட்டுட்டு நீ ஏசி வாங்குறியா?"

"போடா, உன் புகை தாங்கல," என்றாள் அவள்.

ஜீப் கியர் மாற்றி ஏறியது. அந்தச் சத்தத்துக்கு என் இடது கால் மிதித்தது. இல்லாத கால்.

"மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"ஆள் ஏத்தக் கூடாதாம்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு உங்கள வரச் சொன்னவுக?"

"ஜீப்புல போகச் சொல்லு."

 வண்டி ஆறியதும் கல்லை எடுத்தாள். வீசவில்லை. உள்ளே ஏறி, தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் தேட முடியாது," என்றாள்.