தொடக்கூடாத கல்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கப் போனால், நீ யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கேட் திறந்திருந்தால் உள்ளே போய் ஆசைதீரப் பார்க்கலாம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். வாசல் கல்லில் செதுக்கி வைத்திருந்த எலும்புக்கூட்டை அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இன்னாடி, சோறு துன்னாமயே செத்தானா இவன்?" என்று சிரித்தாள். அப்புறம் கல்லறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மேல் இல்லை. கடல் தாண்டி வந்து செத்தவனின் கல்லை இத்தனை சுலபமாகத் தொடுகிற இந்தக் கை, பாதி ஆயுசு நாற்று நட்ட வயலில் நிற்கிற கல்லை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நிலக்காரர் ஒருவரின் வயலில் பழைய கல்வெட்டுத் தூண் ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், கதவுப் பலகை மாதிரி அகலம். நடவு நாளில் அதைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் எங்கள் காலனிப் பெண்கள் நடவேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் நிலக்காரர் வீட்டு மருமகள் வந்து, கொஞ்சம் நாற்றை ஊன்றிவிட்டுப் போவாள். அவள் வந்து போகிறவரை எங்கள் பெண்கள் வரப்பேறி வெயிலில் நிற்கவேண்டும். நாங்கள் தொட்டால் கண் அவிந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா ஞானஸ்நானம் எடுத்தவள். ஊரிலுள்ள பேய் பிசாசு எல்லாவற்றையும் ஜெபத்தாலேயே விரட்டிவிடுவாள். இந்தக் கல்லை மட்டும் அவளால் விரட்ட முடியவில்லை.

"போற வழியில நம்ம ஊர் கல்லையும் பாத்துட்டுப் போலாம்மா" என்றேன்.

"வேணாம்டி. பேஜாரு."

நான் காதில் வாங்கவில்லை. வண்டியை நேராக அங்கேதான் விட்டேன்.

வயலில் பாதி இப்போது குடோன். லாரிகள் போகிற புழுதி மீதிப் பாதியில் படிந்திருந்தது. நடவு நின்று எத்தனையோ காலமாகி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூண் மட்டும் அப்படியே நின்றது, ஒரு முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும், மறுபுறம் வெறும் கல். அம்மா வரப்பு வரை வந்தாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. சேறும் இல்லை, நாற்றும் இல்லை, மருமகளும் இல்லை, ஆனாலும் பழைய இடத்திலேயே நின்றாள்.

நான் இரும்பு உருக்காலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இரும்புக் கட்டையில் குத்தின எண் கண்ணுக்குத் தெரியாவிட்டால், சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்ப்போம். மேடு வெளுத்துவிடும், பள்ளம் கறுப்பாக நிற்கும். பையில் எப்போதும் கிடக்கிற சாக்பீஸை எடுத்து அந்தத் தூணில் தேய்த்தேன். 'ம' தெரிந்தது. 'ர' தெரிந்தது. மீதி ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் தமிழ்தான், நான் பேசுகிற அதே தமிழ். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பைக்கில் நிலக்காரரின் மகன் வந்து இறங்கினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"வாங்க, கம்பெனில வேல பாக்கறவங்கதான நீங்க? அது சாமி கல்லுங்க, கை வெக்காதீங்க" என்றவர், வரப்புப் பக்கம் திரும்பி அம்மாவிடம், "இன்னா, நீயும் கூட வந்துகினுகீற? உனக்குமா தெரியாது?" என்றார்.

"என்னை வாங்கன்னு சொன்னீங்கல்ல? எங்கம்மாவையும் வாங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் அசடு வழிந்தார். "பழக்கம்ங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கல்லுல எங்க பரம்பரை பேரு கீது. இந்த நெலம் எங்களுதுன்னு ராஜா எழுதிக் குடுத்தது."

"எங்க கீது? காட்டுங்க."

கிட்டே வந்தார். குனிந்தார். விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

"பெரியவங்க சொல்லிக்கீறாங்க" என்றார் கடைசியில்.

"உங்களுக்கும் படிக்கத் தெரியல, எனக்கும் படிக்கத் தெரியல. அப்ப உங்க பேருன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் முகம் கடுத்தது. "எழுத்த விடுங்க. தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. நாலு பேர வரவழைச்சா உங்களுக்குத்தான் அசிங்கம்."

எனக்குக் கோபம் ஏறியது. பயமும்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் கையைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை. 'வரவழை' என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வரப்பிலிருந்து இறங்கிவிட்டாள்.

"தம்பி" என்றாள். அந்த வீட்டு ஆண்களைக் கைக்குழந்தை உட்பட ஆண்டே என்று கூப்பிட்டவள் அவள். "தம்பி, இத்த நட்டவன் தொடாமலா நட்டான்?"

அவர் தூணின் அடியைப் பார்த்தார்.

"எம்மாம் பெரிய கல்லு. எங்கேந்தோ இழுத்தாந்து, பள்ளம் தோண்டி, தோள் குடுத்து நிமித்திக்கீறாங்க. உங்க தாத்தனா தோள் குடுத்தாரு? எங்காளுங்கதான் குடுத்திருப்பாங்க. அவங்க கண்ணு போவல, என் கண்ணு மட்டும் போயிடுமா?"

சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தூணில் பதித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு மற்றதை. குடோனைப் பார்த்தாள், பைக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்திருக்கவேண்டும்.

எண்ணெயில்லாத நிழல் பக்கமாகத் திரும்பி, முதுகைக் கல்லில் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். "நீ போப்பா. வெயில் தாழ்ந்தா நாங்க போயிடறோம்" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கோ போன் போடப்போகிறவர் மாதிரி செல்லை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார். பைக் கிளம்பிப் போனது.

நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. அம்மா தலைக்கு மேல் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இம்மாம் நெழல வெச்சிக்கினா எங்கள வரப்புல நிக்க வெச்சானுங்க, பாவிங்க?"