உரப்பைத் துண்டு தைத்த சூட்கேஸ்

பரந்தனில் யாராவது குடும்பத்தோடு கப்பல் பயணம் போகப்போகிறோம் என்று வாய் திறந்தால், முதலில் நேசமலரிடம் போய்க் கேட்கச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். பரந்தனுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே தண்ணீர் என்றால் இரணைமடுக் குளத்திலிருந்து வாய்க்காலில் வருவதுதான், அதுவும் முறை வைத்துத்தான் வரும். ஆனால் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர் இது. அங்கிருந்து வரமுடியாதவர்களும் இங்கிருந்து போக விசா கிடைக்காதவர்களும் நடுவில் எங்காவதுதான் சந்திக்க வேண்டியிருக்கிறது. இதுவரை மூன்று குடும்பங்கள் கேட்டுப் போய்விட்டன.

நேசமலர் யாரையும் வெறும் வாயோடு அனுப்புவதில்லை. தேத்தண்ணி கொடுத்து, கதிரையில் இருத்தி, ஒரு மணித்தியாலம் கதைப்பாள். ஐம்பத்திரண்டு வயது. மூன்று ஏக்கர் வயல். ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குப் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று அவள் எழுதிய தாளை மீறி ஒருவரும் மண்வெட்டி தூக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவள் தன் பயணத்தில் செய்த பிழையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கும். கேட்கிறவர்கள் பிழையை நினைத்து அழுகிறாள் என்று நினைப்பார்கள். அப்படியில்லை.

அவளுடைய தம்பி செந்தூரன் கனடாவில் இருக்கிறான். பதினைந்து வருடம். அகதியாகப் போனவன், திரும்பி வர இன்னும் பயம். நேசமலர் இரண்டு தடவை கனடா விசாவுக்கு எழுதினாள், இரண்டு தடவையும் இல்லை என்று பதில் வந்தது. தாய் செத்தபோது அவன் செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தான். அன்றைக்கு போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நேசமலரின் மகள் யதுர்ஷிகா, அப்போது பன்னிரண்டு வயது. கை நோகுது என்று பிள்ளை ஒரு சொல் சொல்லவில்லை.

போன வருடம் செந்தூரனே ஒரு வழி கண்டுபிடித்தான். சிங்கப்பூரில் ஏறி, நாலு நாள் கடலில் போய், மலேசியாவில் ஓர் இடம் பார்த்து, திரும்பச் சிங்கப்பூரிலேயே இறங்குகிற கப்பல். அவன் மனைவி பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வந்து ஏறுவான், அக்கா குடும்பம் பரந்தனிலிருந்து போய் ஏறவேண்டும். கேட்டதும் நேசமலரின் புருசன் அப்புத்துரை வாயைப் பிளந்தார். கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றி, யன்னல் பக்கம் தேடுகிற மனிதர் அவர்.

"நான் வயலைப் பாக்கிறன், நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ," என்றார்.

நேசமலர் விடவில்லை. காலபோகத்து வெட்டு முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் இருக்கிற இடைவெளியில் நாளைக் குறித்தாள். யதுர்ஷிகாவின் பள்ளிக்கூடச் சோதனையும் அதற்குள் முடிந்துவிடும். வீட்டையும் ஆடுகளையும் பக்கத்து வளவு வீரபாகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த மனிதர் எட்டு நாளும் காலையும் மாலையும் வந்து ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்டிருக்கிறார். இன்றைக்கும் நேசமலர் வீட்டில் முதல் காய்க்கிற முருங்கைக்காய் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

பயண அலுவல்களைப் பார்த்தது கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிற சாரங்கா. முப்பது வயதுப் பெண், விமான டிக்கெட் போடுகிறவள், கப்பல் அவளுக்கும் புதிது. ஆனாலும் எங்கெங்கேயோ கேட்டு, விசாரித்து, நேசமலரைக் கூப்பிட்டு இருத்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கப்பல் வெளிக்கிடுகிற அன்று போய் இறங்கக்கூடாது, ஒரு நாள் முந்தியே போய் நிற்கவேண்டும், விமானம் பிந்தினால் கப்பல் காத்திருக்காது. டிக்கெட்டில் பெயர் பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். கப்பல் நிற்கிற நாட்டுக்கு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அனுமதி எடுக்கவேண்டும். தலை சுற்றுகிறவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. கடலில் போன் வேலை செய்யாது, ஆகவே இன்ன நேரம் இன்ன இடத்தில் சந்திப்பது என்று முதலே பேசிவைக்கவேண்டும். பெரிய சூட்கேசுகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், அவை பின்னேரம்தான் அறைக்கு வந்துசேரும்.

"அதாலை அக்கா, மருந்து, ஒரு மாத்துடுப்பு, எல்லாற்றை பாஸ்போட்டும் ஒரு தோள்பையிலை போட்டு உங்கட தோளிலையே வைச்சிருங்கோ. இதை மட்டும் மறந்திடாதையுங்கோ."

நேசமலர் எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பு எழுதுவதுபோல் கொப்பியில் எழுதினாள். எழுதியபடியே செய்தாள். அந்தக் கடைசி ஒன்றைத் தவிர.

அதற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் பரந்தனை விட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் ஐந்து பேர். தாய், நேசமலர், அப்புத்துரை, கைக்குழந்தையாக யதுர்ஷிகா, இருபது வயதுச் செந்தூரன். உரப்பைகளில் சாமான் கட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்றால் "நேசமலர் – 5" என்று எழுதினாள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தன் தோளில் கொழுவினாள். ஊர் ஊராக மாறி, கடைசியாகக் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அந்தப் பை போய்விட்டது. எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபோது, கடதாசி இல்லாத இளம் பெடியளை வேறு பக்கம் நிற்கச் சொன்னார்கள். செந்தூரன் அந்தப் பக்கம் போனான். அவன் யார் என்று நிரூபித்து வெளியே எடுக்கப் பதினொரு மாதம் பிடித்தது. வந்தவன் முன்பு போல இருக்கவில்லை. வெளிநாடு போகிறேன் என்றபோது அவளால் மறிக்க முடியவில்லை. பிறகு பார்க்கவேயில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்ததால்தான் எல்லாம் போனது என்பது நேசமலரின் கணக்கு. தம்பி ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். அதன்பிறகு அந்த வீட்டில் பத்திரங்கள் ஒரே இடத்தில் இருந்ததில்லை. காணி உறுதி அலுமாரியில், அடையாள அட்டைப் பிரதி அரிசிப் பீப்பாவுக்குள், பிறப்புப் பத்திரம் வீரபாகு வீட்டில். யாராவது கேட்டால் சிரிப்பார்கள், வன்னியில் மட்டும் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆகவே சிங்கப்பூர் விடுதியில், கப்பல் ஏறுகிற காலை, பழக்கம் தன் வேலையைக் காட்டியது. மகளின் பாஸ்போட் தன் கைப்பையில். தன்னுடையது மகளின் தோள்பையில். அப்புத்துரையினுடையது பெரிய கறுப்புச் சூட்கேசில், வேட்டி மடிப்புக்குள், தம்பிக்கென்று வீட்டிலேயே வறுத்துத் திரித்துக் கட்டிய மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில். ஏன் இப்படிப் பிரிக்கிறாய், ஒன்றாக வைத்தால் என்ன என்று அந்த மனிதர் மெல்லக் கேட்டார். நேசமலர் பார்த்த பார்வையில் அவர் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார். சாரங்கா படித்துப் படித்துச் சொன்னது அப்போது அவளுடைய தலையில் இல்லவே இல்லை. சும்மாவா, பதினாறு வருடத்துப் பயம்!

துறைமுக வாசலில் சீருடைப் பிள்ளைகள் ஓடிவந்து பெரிய சூட்கேசுகளை வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு மரியாதையாகச் சாமான் தூக்குகிறார்களே என்று நேசமலருக்குச் சந்தோசம். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். ஒன்றரை மணித்தியாலம் வரிசை. முகப்பில் இருந்த பெண் கையை நீட்டினாள். நேசமலர் இரண்டு பாஸ்போட்டை வைத்தாள். மூன்றாவது எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது, உள்ளே போன கறுப்புச் சூட்கேசுக்குள்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கோபிக்கவில்லை. பாஸ்போட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றமுடியாது, நாலரைக்கு வாசல் மூடிவிடும், மற்ற இரண்டு பேரும் விரும்பினால் ஏறலாம், சூட்கேஸ் உள்ளே மூவாயிரத்துக்குள் ஒன்றாகக் கிடக்கும், தேடச் சொல்கிறேன் என்று பொறுமையாக விளக்கினாள். நேரம் மூன்றே கால். அப்புத்துரை மனைவியையும் மகளையும் ஏறச் சொன்னார். தான் நாலு நாளும் விடுதியில் படுத்துக்கிடப்பாராம், கடல் ஆட்டமும் மிச்சமாம். பகிடிபோலச் சொன்னார். ஆனால் முகம் பகிடியாக இல்லை. ஓமந்தையில் செந்தூரனை மறுபக்கம் கொண்டுபோனபோது கடைசிவரை அவன் கையைப் பிடித்திருந்தவர் அவர்தான். மச்சானைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கும் பதினைந்து வருட ஆசை.

நேசமலர் கதிரையில் இருந்தபடி தலையில் கையை வைத்தாள். மறுபடியும் தன் கையாலேயே கெடுத்தாயிற்று. ஒன்றாக வைத்தும் கெடுத்தாள், பிரித்து வைத்தும் கெடுத்தாள். ஒரு குடும்பத்தில் ஒருவரை வரிசைக்கு வெளியே நிற்கவைப்பதற்கென்றே பிறந்தவளோ என்று தன்னையே திட்டினாள்.

அந்நேரம் யதுர்ஷிகாவின் போன் அடித்தது. செந்தூரன்.

அவன் பன்னிரண்டு மணிக்கே கப்பலில் ஏறியிருந்தான். அக்காவின் அறை எது என்று தெரிந்துகொண்டு, மனைவி பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மூன்று மணித்தியாலமாக அந்த அறைக் கதவுக்கு முன்னால் நடைபாதையில் நின்றிருக்கிறான். இறங்குகிறவனும் ஏறுகிறவனும் இவனைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். சற்று முன்தான் ஒரு வேலையாள் கறுப்புச் சூட்கேஸ் ஒன்றைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். அதே மாதிரிச் சூட்கேஸ் நடைபாதை முழுக்க இருந்தது. ஆனால் இதன் கைபிடியில் வெள்ளை உரப்பைத் துண்டு ஒன்று சாக்கூசி நூலால் தைத்திருந்தது. சிவப்புப் பெயின்ற் எழுத்து. நேசமலர் எந்தப் பயணத்திலும் அதைத் தைக்காமல் விடுவதில்லை. கதிர்காமம் போனாலும் தைப்பாள். யதுர்ஷிகாவுக்கு அது பெரிய வெட்கம், விமான நிலையத்தில் சூட்கேசை விட்டு நாலடி தள்ளி நின்றவள் அவள்.

"அக்கா, உங்கட எழுத்தைக் கண்டன்," என்றான் செந்தூரன். "மூண்டு எண்டு போட்டிருக்கிறியள். முந்தி அஞ்சு எண்டெல்லோ போடுவியள்." பிறகுதான் கேட்டான்: "பை வந்திட்டுது. நீங்கள் எங்கை?"

நேசமலர் அழுதுகொண்டே விசயத்தைச் சொன்னாள். சூட்கேசைத் திறக்கவேண்டும், பூட்டுக்கு இலக்கம் இருக்கிறது என்று தொடங்கினாள்.

"அம்மா செத்த நாள்தானே. திறந்திட்டன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்களின் புண்ணியம். கப்பலில் ஒரு பாதுகாப்பு அலுவலரைப் பிடித்துச் செந்தூரன் மன்றாடினான். அவர் மேலே கேட்டு, தானே அவனைக் கூட்டிக்கொண்டு துறைமுகக் கட்டடத்துக் கண்ணாடிக் கதவுவரை வந்தார். அதற்கு இப்பால் வர அவனுக்கு அனுமதியில்லை. அலுவலர் மட்டும் பாஸ்போட்டோடு வந்தார். முகப்புப் பெண் அதை விரித்ததும் ஒரு தும்மல் தும்மினாள். தூள் கட்டு அவிழ்ந்து பாஸ்போட்டெல்லாம் மிளகாய். பக்கத்தில் இருந்தவளுக்கும் தும்மல். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டது நேசமலருக்கு இன்றைக்கும் ஒரு குறை. ஊருக்கு வந்தபின் பரந்தன் பிள்ளையார் கோயிலில் சாரங்காவின் பெயருக்கு அர்ச்சனை செய்தவள், "துறைமுகத்துத் தமிழ்ப் பிள்ளை" என்று சொல்லி அவளுக்கும் ஒன்று செய்வித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செந்தூரன் நின்றான். முன்தலை வெளுத்திருந்தது. போனில் தெரியாத ஒரு தொந்தியும் இருந்தது. இவர்கள் கிட்டப் போகப்போக அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். கதவு திறந்ததும் முதலில் ஓடியது அப்புத்துரை. தலை சுற்றுகிற மனிதர், எப்படி ஓடினாரோ! மச்சானின் கையைப் பிடித்தவர், கப்பலுக்குள் போய், அறைக்குப் போகும்வரை விடவில்லை.

நேசமலர் தம்பியைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று பதினைந்து வருடமாக நினைத்திருந்தாள். நேரில் கண்டதும் அழுகை வரவில்லை, மனம் நிறைந்துபோய்விட்டது. நல்லூர்க் கந்தனே, இவ்வளவு பேர் சேர்ந்து என்னை இந்தப் பிள்ளையிடம் கொண்டுவந்து விட்டார்களே என்றுதான் இருந்தது. அவனுடைய கன்னத்தைத் தடவினாள். பிறகு நின்ற நிலையிலேயே தன் கைப்பையைத் திறந்தாள். மகளின் பாஸ்போட்டை எடுத்தாள். மகளின் பையிலிருந்து தன்னுடையதை வாங்கினாள். மிளகாய் மணந்த அப்புத்துரையினுடையதையும் மேலே வைத்தாள். மூன்றையும் அடுக்கி, தம்பியின் கையில் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் ஒண்டா நீயே வைச்சிரு, தம்பி. நாலு நாளும்."

செந்தூரன் அவற்றை வாங்கித் தன் தோள்பைக்குள் வைத்து, பையை முன்பக்கம் இழுத்துக் கொழுவிக்கொண்டான். நாலு நாளும் சாப்பிடப் போனாலும் அவன் அதைக் கழற்றவில்லை.