அத்தானின் சிவப்பு ஜாக்கெட்

போன செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் நிற்கிறேன். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் – "வதனி, நீங்கள் எங்களை இப்படிக் கைவிடுவீர்கள் என்று நினைக்கவேயில்லை."

யாரைக் கைவிட்டேன்? யாருடைய கலியாண வீட்டுக்காவது போக மறந்துவிட்டேனா? அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன்... அமெரிக்காவில் தேர்தலில் நின்ற ஒரு பெண்மணி. தேர்தலும் முடிந்து, பனியும் விழத் தொடங்கிவிட்டது. அம்மணிக்கு என் மேலுள்ள மனத்தாங்கல் மட்டும் இன்னும் தீரவில்லை.

எனக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. இருப்பது மொன்றியலில், சென்ட் லோரன்டில், இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்தேன். அவ்வளவுதான். அன்று தொடங்கியது. காலையில் "நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம்." மத்தியானம் "நாங்கள் வெல்லப் போகிறோம்." இரவு "இதுதான் கடைசி வாய்ப்பு, வதனி." விடிந்தால் இன்னொரு கடைசி வாய்ப்பு. இப்படி உருகி உருகி என் கணவர்கூட எனக்கு எழுதியதில்லை.

ஏன் பெயர் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்து இளைப்பாறியவர். ஆனால் எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் அவரை மரக்கறியால் யாருக்கும் தெரியாது, தேர்தலால்தான் தெரியும். கனடாவில் தேர்தல் அறிவித்தால் அத்தானுக்கு அது கொடியேற்றம். ஆள் சிவப்புக் கட்சி. "எங்களை இந்த நாட்டுக்குள்ளை விட்டவை அவையள்தான்" என்பார். வரலாறு அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. அத்தானிடம் அதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கட்சிக்காரர்கள் தாங்கள் வென்ற ஒரு தேர்தலில் அவருக்கு ஒரு சிவப்பு ஜாக்கெட் கொடுத்தார்கள். கைமுட்டி தேய்ந்துவிட்டது. அக்கா எத்தனையோ தரம் எறியப் பார்த்தாள். விடமாட்டார். "அது வெண்ட ஜாக்கெட்."

அவர் வாக்குக் கேட்கும் முறை இருக்கிறதே... கலியாணத்துக்குச் சொல்லப் போகிற மாதிரி. வெளிப்படிக்கட்டு ஏறி, மணி அடித்து, சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததோ, தகப்பனுக்கு முழங்கால் எப்படி என்று எல்லாம் விசாரித்து – அரசியல் மட்டும் ஒரு சொல் வராது. எழும்பிப் படியில் இருந்து சப்பாத்து நூல் கட்டும்போதுதான் அந்த ஒரு வசனம். "அப்ப, திங்கக்கிழமை மறந்திடாதேங்கோ." படியிறங்கி வந்து தீர்ப்புச் சொல்வார் – "இந்த வீடு எங்கடை." அல்லது, "இது எங்களுக்கில்லை."

இன்னொன்று. ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார். அது மரியாதை இல்லை. கலியாணத்துக்கும் அப்படித்தானே?

இவருடைய ஒரே மகள் தாரணி, அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரில் இருக்கிறாள். காரில் நாலு மணித்தியாலம். கணவர் வேலை காரணமாக வாரத்தில் பாதி நாள் வேறு ஊரில். வீட்டில் இவளும் நாலு வயது மகளும். தகப்பனின் இரத்தம், சும்மா இருக்குமா? அங்கே நீலக் கட்சிக்குத் தொண்டர் படை நடத்துகிறாள், எந்த நிறம் என்று அத்தான் கேட்டதுமில்லை. ஆள் போதவில்லை, கடைசிச் சனிக்கிழமை வாருங்கள் என்று கேட்டாள். வெளிநாட்டுக்காரர் அமெரிக்கத் தேர்தலுக்குக் காசு கொடுக்கக் கூடாதாம். சம்பளமில்லாமல் கால் தேய நடக்கலாமாம். நல்ல சட்டம்.

அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். "இஞ்சை தேர்தல் எண்டாலே இந்த மனுசனை வீட்டிலை காணேலாது. இனி அங்கையுமோ?" அத்தான் என்னைப் பார்த்தார். "வதனி, நீர் கார் ஓடுவீரோ?" ஓடுவேன் என்றேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு பயணம் சும்மா கிடைக்குமா?

புறப்படுவதற்கு முதல்நாள் தாரணி எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். "சித்தி, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, கவலைப்படுவார். பக்கத்து வீட்டு ரேமண்ட் இப்ப என்ரை முகத்தையும் பாக்கிறேல்லை. ரெண்டு வீட்டு வாசலிலையும் எதிரெதிர்க் கட்சித் தேர்தல் பலகை வந்தாப்பிறகு இப்பிடி. போன வருசம் என்ரை ஸ்னோ முழுக்க அந்த மனுசன்தான் மெஷினாலை தள்ளித் தந்தவர். பிள்ளையைக் கண்டால் டொஃபி குடுப்பார். இந்த வின்டருக்கு நான் தனியச் சின்னனையும் வைச்சுக்கொண்டு என்ன செய்யிறதோ தெரியேல்லை."

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. தேர்தலில் தோற்பதைவிட அவளுக்கு இது பெரிய பயம் என்று எனக்கு விளங்கியது.

எங்களுக்கு இணையத்தில் பயிற்சி வேறு. ஒரு இளம்பெண் திரையில் வந்து சட்டதிட்டம் சொன்னாள். போனில் ஒரு செயலி இருக்கும். அது காட்டுகிற வீட்டுக்கு மட்டும்தான் போக வேண்டும். அதாவது, நமக்கு வாக்குப் போடக்கூடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் வீடுகள். மற்ற வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வாசலில் நின்றே பேச வேண்டும். உள்ளே கூப்பிட்டாலும் போகக் கூடாது. இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

அத்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டார். "ரெண்டு நிமிசமோ? பிச்சைக்காரன்கூட அதைவிடக் கூட நேரம் நிப்பானே" என்றார்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். எல்லையில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டபோது அத்தான் "மகளைப் பார்க்க" என்றார். அது பொய்யும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாரணி பிள்ளையைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டுக் கட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தாள். அவள் வாசலில் காரை விட்டோம். குளிர். அத்தான் பின் சீட்டில் இருந்து அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் செயலியைத் திறந்து முதல் வீடு எது என்று தேடுகிறேன், நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறார்.

அந்த வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை. செக்கச் செவேலென்று. ஒரு பெயர் மட்டும் எழுதியிருந்தது, கட்சி எது என்று போடவில்லை.

"வதனி, வாரும். இது எங்கடை ஆள்" என்றார் அத்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்நிய நாட்டில் இறங்கியதும் சொந்தக்காரன் வீட்டைக் கண்ட மாதிரி.

உங்களுக்கு விளங்கியிருக்கும். கனடாவில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் மறுபக்கம். எல்லையைத் தாண்டினால் நிறம் இரண்டும் இடம் மாறிவிடும். முப்பது வருடமாகச் சிவப்பைக் கண்டால் சிரித்துப் பழகிய மனிதர் அதை எங்கே கண்டார், மகள் வாசலில் நின்ற நீலப் பலகையைத்தான் எங்கே கவனித்தார்? "அத்தான், நில்லுங்கோ..." என்று நான் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டார். கதவு திறந்தது.

எழுபதைத் தாண்டிய மனிதர். உயரம். அத்தானின் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய முகமும் மலர்ந்தது. மலராதா? தங்கள் கட்சிக்கு இப்படியும் ஒரு தொண்டரா!

அத்தானுக்கு இங்கிலீஷ் அளவாகத்தான் வரும். மொன்றியல் சந்தையில் பிழைத்த மனிதருக்குப் பிரெஞ்சுதான் வாயில் நிற்கும். பதற்றத்தில் வணக்கத்தை "போன்ஜூர்" என்றுவிட்டார். அந்த மனிதர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவரும் பிரெஞ்சில் பேசினார், நடை பழகுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக. அவருடைய தாய் எங்கள் மாகாணமான கியூபெக்கிலிருந்து துணி ஆலை வேலைக்கு வந்தவராம். "அம்மா போன பிறகு இந்தப் பாஷையில் என்னோடு யாரும் கதைக்கவில்லை" என்றார். தாரணிக்கு ரேமண்ட். அத்தானுக்கு அந்த நிமிடமே ரேமோன்.

சப்பாத்தைக் கழற்றியாயிற்று. உள்ளே போயாயிற்று. கோப்பி வந்தது. ஐஸ் ஹாக்கிப் பேச்சும் வந்தது. அதிலும் ரேமண்ட் பாஸ்டன் அணிப் பக்கம், அத்தான் மொன்றியல் அணிப் பக்கம் – அந்தச் சண்டை நல்ல சந்தோஷமாகவே நடந்தது. மனைவி இறந்து இரண்டு வருடம் என்றார். அத்தான் அலமாரியில் இருந்த படத்துக்கு எழும்பி நின்று கைகூப்பினார். ரேமண்ட் கோப்பியை இன்னொரு தரம் ஊற்றினார்.

பிறகுதான் அவர் குசினி ஜன்னலைக் காட்டினார்.

"அதைப் பாருங்கள். அந்தப் பெண் நீலப் பலகையை எங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறாள்? சரியாக என் ஜன்னலுக்கு நேரே. காலையில் கோப்பி குடிக்கும்போது நான் அதைத்தான் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் அடுத்த நாள் நான் ஹலோ சொன்னேன். அவள் போனில் கதைத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். நான் ஏன் இனி வாய் திறக்க வேண்டும்?"

அத்தான் ஜன்னலால் பார்த்தார். நீலப் பலகைக்குப் பின்னால் எங்கள் கார் நின்றது. மெல்லத் தமிழில் கேட்டார்.

"உவர் ஆரைச் சொல்லுறார்?"

"தாரணியை."

"அப்ப... இந்தச் சிவப்பு?"

"இஞ்சை நிறம் மாறி, அத்தான். எங்கடை சிவப்பு இவையளுக்கு நீலம்."

"முதலே சொல்லக்கூடாதோ?"

"நீங்கள் சொல்ல விட்டனீங்களோ?"

அத்தான் கோப்பையில் இருந்த கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். ஒரு வீட்டில் ஊற்றியதை மிச்சம் வைக்கக் கூடாது. எழும்பினார். வாசல் படியில் இருந்து சப்பாத்தைப் போட்டார். சப்பாத்து நூல் கட்டும்போதுதானே அந்த வசனம் வரும்?

வந்தது.

"ரேமோன், நான் உங்களை ஏமாற்றி உள்ளே வரவில்லை. இது எங்கள் ஊர்ச் சிவப்பு, உங்களுடையது இல்லை. அந்த நீலப் பலகைக்காரி என் மகள்." நூலை இழுத்துக் கட்டினார். "உங்கள் வாக்கு எனக்கு வேண்டாம், அதை உங்கள் விருப்பப்படி போடுங்கள். அவளும் சின்னப் பிள்ளையும் தனியே இருக்கிறார்கள். நான் நாலு மணித்தியாலம் தள்ளி இருக்கிறேன்."

அவ்வளவுதான் கேட்டார். என்ன கேட்டார் என்றுகூடச் சொல்லவில்லை.

ரேமண்ட் அந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் "போன் ஜூர்னே", நல்ல நாளாகட்டும், என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

தெருவில் இறங்கிய அத்தான் வழக்கமான தீர்ப்பைச் சொல்லவில்லை. "கெடுத்துப்போட்டன் போலை கிடக்கு" என்றார். முகம் வாடிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

மிச்ச நாளைச் செயலி சொன்னபடி நடந்தோம். சிவப்பு ஜாக்கெட்டைக் கண்டு முதல் இரண்டு வீடும் திறக்கவேயில்லை. அத்தான் அதைக் கழற்றிப் புரட்டிப் போட்டுக்கொண்டார். உள்பக்கம் சாம்பல் நிறம், எந்தக் கட்சியும் இல்லை. அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. திறந்தவர்கள் எல்லாம் "நாங்கள் உங்கள் பக்கம்தான், தெரியாதா?" என்றார்கள். தெரியும். தெரிந்துதானே அனுப்பினார்கள்? கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு இத்தனை பேர், இத்தனை செயலி, இத்தனை "கடைசி வாய்ப்பு". எதிர்ப் பலகைக்காரன் வீட்டு மணியை அடிக்கச் சொல்லி மட்டும் எந்தக் குறுஞ்செய்தியும் எனக்கு வரவில்லை. அவர்கள் பக்கத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

பின்னேரம் தாரணி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அப்பா, அந்த வீடு செயலியிலையே இல்லை. உங்களை வாக்குக் கேக்கக் கூப்பிட்டால், சிவப்பைப் போட்டுக்கொண்டு போய் அந்த மனுசனோடை இருந்து கோப்பி குடிச்சிட்டு வாறீங்களோ? இப்ப அவர் என்ன நினைப்பார், நான்தான் உங்களைக் கெஞ்ச அனுப்பினனான் எண்டெல்லோ நினைப்பார்?"

"அவர் உனக்கு ஹலோ சொன்னவராம், பிள்ளை. நீ போனிலை நிண்டனியாம்."

உண்மையாகவே தாரணிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வரும் வழி முழுக்க அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். தேர்தல் வந்தது, போனது. யார் வென்றார், யார் தோற்றார் என்பது உங்களுக்குத் தெரியும். என் போனுக்கு மட்டும் தெரியாது. பலகைகளை இருவருமே கழற்றவில்லை என்று அக்கா சொன்னாள். அவர் முதலில் கழற்றட்டும் என்று இவள், இவள் முதலில் கழற்றட்டும் என்று அவர்.

நேற்று தாரணியின் ஊரில் முதல் பெரிய பனி. நான் மொன்றியலில், வில்லரேயில் இருக்கும் அக்கா வீட்டில் இருந்தேன். தாரணியிடமிருந்து வீடியோ அழைப்பு. தலை கலைந்திருந்தது, நித்திரைப்பாயிலிருந்து நேரே வந்திருக்கிறாள். "அம்மா, சித்தி, இதைப் பாருங்கோ" என்று போனை வாசல் பக்கம் திருப்பினாள்.

தெருவிலிருந்து அவள் வீட்டுக் கதவு வரை பாதை சுத்தமாக இருந்தது. காரைச் சுற்றியும் மெஷினால் தள்ளி விட்டிருந்தது. தள்ளிய பனி எல்லாம் ஒரே இடத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது.

"அது என்ன பிள்ளை, அந்தக் குவியல்?" என்று அக்கா கேட்டாள்.

"என்ரை நீலப் பலகை அம்மா. அதுக்குக் கீழை கிடக்கு. வேணுமெண்டு அதுக்கு மேலை பாத்துக் கொட்டியிருக்கு அந்த மனுசன்." சொல்லும்போதே தாரணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணும் கலங்கியிருந்தது.

அத்தான் போனை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "அவரின்ரை பலகை?"

"அது நிமிர்ந்து நிக்குது அப்பா. அதைச் சுத்தி ஒரு துளி பனி இல்லை."

அத்தான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"அப்ப சரி. அந்த வீடு எங்கடை."