பூஜைக்குப் போன ஃப்ளாப்பி

போன வாரம் ஆயுத பூஜை. ஊரே பொரிகடலை தின்றுகொண்டிருந்தது. நான் செல்லூர் மாடியறையில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். திட்டியது கம்ப்யூட்டர்.

‘ஹெட்டர் ஃபைலைத் திறக்க முடியவில்லை.’ காலையிலிருந்து இதே பல்லவி.

விஷயம் இதுதான். பில் போடும் புரோகிராமுக்கு வேண்டிய சில்லறை வேலைகளையெல்லாம் சேர்த்து ஒரு லைப்ரரியாகக் கட்ட வேண்டும். அந்த வேலைகளின் விவரக்குறிப்பான ஹெட்டர் ஃபைல்கள் எந்த ஃப்ளாப்பியில், எந்த டைரக்டரியில் இருக்கின்றன என்று, எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலருக்கு வழி சொல்ல வேண்டும். இன்க்ளூட் பாத் என்பார்கள். சொன்னேன். மாற்றிச் சொன்னேன். சாய்வுக்கோட்டைத் திருப்பிப் போட்டும் சொன்னேன்... ம்ஹூம்!

மறுநாள் விஜயதசமி. பரவை மண்டிக்காரர் ஒருவர் புரோகிராமைப் பார்க்க வருவதாகப் பேச்சு. அவர் வேலை கொடுக்காவிட்டால், என் கூட்டாளி இஸ்மாயில் மெஷினை விற்றுவிட்டு மச்சான் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

சாயங்காலம் அந்த இஸ்மாயிலே வாயைத் திறந்தான்.

“மாப்ள, கீழ்வீட்டு அக்கா சாமிகிட்ட வைக்க பொஸ்தகம் கேட்டுச்சு. நமக்குப் பொஸ்தகம்னா ஹெட்டர் ஃப்ளாப்பிதானேன்னு குடுத்துட்டேன். டிரைவ்ல இருக்குறது காப்பிதேன்.”

காப்பிதான். ஆனால் அரைக் காப்பி. மேலாகக் கிடந்த ஃபைல்கள் வந்திருந்தன; உள்ளே இருந்த டைரக்டரி வரவே இல்லை. இல்லாத இடத்துக்கு நாளெல்லாம் வழி சொல்லியிருக்கிறேன்! அழுகையே வந்துவிட்டது. அவனைத் திட்டலாம்தான்... அதற்கும் தெம்பு வேண்டாமா?

கீழே ஓடினேன். அக்கா தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா, அந்தக் கறுப்பு அட்டையை ஒரு நிமிசம் குடுங்க. வேலை நிக்குது.”

“சாமிகிட்ட வச்சதை இன்னிக்கு எடுக்கலாமா தம்பி? காலையில நானே கொண்டாரேன். ஒருநா படிக்காட்டி என்ன கொறஞ்சு போச்சு?”

மறுநாள் மண்டிக்காரர் வந்து உட்கார்ந்த நேரம், அக்காவும் வந்தார். ஃப்ளாப்பி கமகமவென்று இருந்தது. அட்டையின் நீளத் துளையில், உள்ளிருக்கும் தட்டு தெரியும் இடத்தில் — வேறு இடமே கிடைக்கவில்லையா? — குழைத்த சந்தனம். நடுவில் குங்குமம்.

துடைத்தேன். போட்டேன். டிரைவ் கரகரத்தது; அப்புறம் அதுவும் இல்லை. இஸ்மாயில் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மண்டிக்காரர் ஃப்ளாப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பூஜையில வச்சுத்தேன் வேலையை ஆரம்பிக்கிறீகளா? அம்புட்டுத்தேன் எனக்கு வேணும். வேலை உங்களுக்குத்தேன் தம்பி. தைக்குள்ள முடிச்சுருங்க.”

இஸ்மாயில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வேலை கிடைத்துவிட்டது. ஹெட்டர் ஃபைல்தான் இல்லை.

வாசகர்களில் யாரிடமாவது அந்த ஃப்ளாப்பிக்கு இன்னொரு காப்பி இருந்தால் கொடுத்து உதவுங்கள் — பூஜையில் வைக்காததாகப் பார்த்து!