மாமா கடலில் வைத்த ஃபிரிட்ஜ்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு காரியத்தை ரகசியமாகச் செய்ய முடிவெடுத்தால் அது முதலில் ஊருக்குத்தான் தெரியும். அவரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த முறை அவருக்குச் சொந்தமாக ஒரு பார் வேண்டியிருந்தது. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, மீன் தங்கும் இடம். எங்கள் கரையில் பழைய டயர், தென்னந்தூர், உடைந்த ஆட்டுக்கல் என்று கிடைத்ததையெல்லாம் கடலில் தாழ்த்தி, ஆளாளுக்கு மீனுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இடம் தாழ்த்தியவனுக்கு மட்டுமே தெரிய வேண்டும். வெளியே தெரிந்தால் மறுநாள் ஊர்த் தூண்டிலெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

மாமா தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, போனால் ஊர்க் கமிட்டி தண்டம் போடும்.

"கடல்ல ஒரு குருவி இருக்காது மக்கா," என்றார்.

கடலில் இல்லாத அத்தனை பேரும் கரையில்தானே இருப்பார்கள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, கோயில் மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

பூசை முடிந்து அம்மா மாதர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நேரம் வள்ளத்தைத் தள்ளினோம். கோயில் சிலுவை மலையின் எந்த மடிப்பில் விழுகிறது, ஐஸ் கம்பெனித் தொட்டி எந்தத் தென்னைக்கு நேராக வருகிறது என்று கரையைப் பார்த்து இடத்தை மனதில் குறித்துக்கொள்வது என் வேலை. வள்ளத்தின் நடுவில் அப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த ஃபிரிட்ஜ். அது செத்த பிறகு அம்மா அதை அலமாரியாக வைத்திருந்தாள். உள்ளே இருந்த வத்தலையும் சேலைகளையும் கட்டிலில் கொட்டி, கதவைக் கழற்றி, கல் நிரப்பியிருந்தார் மாமா.

"அம்மைட்ட கேட்டியளா?"

"கேட்டா தருவாளால? அதான் கேக்கல்ல."

டயர்கள் ஒழுங்காகப் போயின. ஃபிரிட்ஜைச் சரித்தபோது வள்ளமும் கூடவே சரிந்தது. அந்தக் கணத்தில் நான் காட்டிய வீரம், முங்கப்போகும் ஃபிரிட்ஜையே கட்டிப்பிடித்துக்கொண்டு "ஏசுவே!" என்று அலறியதுதான்.

"விடுல சவமே! அதுக்க கூட நீயும் போவப் போறியா?" மாமா என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார், ஃபிரிட்ஜ் மட்டும் முங்கியது.

அப்போது கோயில் மணி விடாமல் அடித்தது. ஓய்வுநாளை மீறியதற்குப் பரலோகம் இவ்வளவு சுறுசுறுப்பாக நடவடிக்கை எடுக்கும் என்று மறைக்கல்வியில் யாரும் சொல்லித்தரவில்லை. இருந்த பாவங்களோடு செய்யாத இரண்டையும் சேர்த்து அறிக்கையிட்டேன்.

மணி எங்களுக்காகத்தான். கரையில் சீட்டு விளையாடியவர்கள் சரிந்த வள்ளத்தைப் பார்த்து, ஆள் முங்குகிறான் என்று அடித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் வள்ளங்கள் எல்லாம் எங்களைச் சுற்றி, அந்த ரகசிய இடத்துக்கு மேலேயே வந்து நின்றன.

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா இங்க என்ன ஓய் சோலி?"

"சும்மா, காத்து வாங்க," என்றார் மாமா.

நான் மூக்கு ஒழுக உதவிக்கு வந்தேன். "மீன் பிடிக்கல்ல. ஃபிரிட்ஜுதான் வச்சோம்."

"பாத்தியாடே! மீனப் பிடிக்கதுக்கு முன்னாலயே ஃபிரிட்ஜுல வச்சிட்டான்!" என்றார் ஒருவர். சிரித்து முடித்ததும் எல்லோரும் ஒற்றைக் கண்ணை மூடிக் கரையைப் பார்த்தார்கள். சிலுவை, மலை மடிப்பு, தொட்டி, தென்னை. முடிந்தது கதை.

கரையில் அம்மா நின்றாள். "கட்டையில போவான், எனக்க ஃபிரிட்ஜு எங்கல?"

கமிட்டி தண்டம் போட்டது. மழைக்காலம் கழிந்து அங்கே கலவா மீன் கூட்டமாக அடைந்தது, ஊரே பிடித்தது. தன் ஃபிரிட்ஜில் வளர்ந்த மீனை அம்மா சந்தையில் பேரம் பேசி வாங்கினாள். அந்தக் குழம்பை மாமா தலை நிமிராமல் தின்றார்.

"மீனுக்குச் சொந்தமா வீடு கெடையாதா மாமா?" என்று கேட்டேன்.

"இருந்துது," என்றார்.

மறுநாள் அவருக்குச் சோறு கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவர் விசைப்படகில் கூலிக்குப் போவார். கடலடியை உழுதுகொண்டே போகும் இழுவலை, அதன் அடியில் கனத்த இரும்புச் சங்கிலி. பாரிலிருந்து உடைந்து சங்கிலியில் சிக்கியிருந்த பாறைத் துண்டுகளை ஆட்கள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பூவாக ஏதோ ஒட்டியிருந்தது.

"மாமா, கடலுக்குள்ள பூச்செடி இருக்கு!" என்று கத்தி, அழகான துண்டாகப் பார்த்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா திட்டியது இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்து, அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.